அலாஸ்கா கட்டர் அதிகாரிகளின் டைரிகளும் கடிதங்களும்: புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு

1867-ல் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலர் கொடுத்து அலாஸ்காவை வாங்கியது. வாங்கியது சரி, அதை யார் நிர்வாகம் செய்வது என்பதில் பல வருடங்களுக்கு யாருக்கும் தெளிவில்லை. வடக்குக் கரையைப் பொறுத்தவரை அரசாங்கம் என்றால் கோடையில் வந்து போகும் ஒரு கப்பல்தான். சுங்கம், போலீஸ், நீதிமன்றம், தபால், மருத்துவர், மீட்புப் படை எல்லாமே அதுதான். ரெவின்யூ கட்டர் சர்வீஸ் என்ற அந்தக் கடல் சேவையின் (கட்டர் என்பது அதன் ரோந்துக் கப்பல்) அதிகாரிகள் நிறைய எழுதினார்கள். மேலிடத்துக்கு அறிக்கை, மனைவிக்குக் கடிதம், தனக்கென்று டைரி. அந்தச் சொந்தக் காகிதங்கள் இன்று அமெரிக்க நூலகங்களில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவராக இருந்தாலும் சும்மா ஆர்வத்தில் வருபவராக இருந்தாலும், எங்கே தொடங்குவது, எதில் சறுக்குவார்கள் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முக்கால்வாசி வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஒரே ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. டைரியிலிருந்து தொடங்காதீர்கள். டைரி எழுதியவருக்கு எல்லாம் தெரியும், அதனால் அவர் எதையும் விளக்க மாட்டார். "அவன் மறுபடியும் வந்தான், பழைய கதைதான்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். யார் வந்தான், எந்தக் கதை என்று தெரிய வேண்டுமானால் அரசாங்கக் காகிதம்தான் கைகொடுக்கும். அதை முதலில் படியுங்கள்.

எந்தத் துறை என்று பிடியுங்கள்

புதியவர்கள் பலர் கடற்படை ஆவணங்களில் தேடி நாளை வீணாக்குகிறார்கள். இது கடற்படை இல்லை. 1790-ல் சுங்க வசூலுக்காகத் தொடங்கிய சேவை இது, நிதித்துறைக்குக் கீழே இருந்தது. 1915-ல் உயிர்காப்புச் சேவையோடு சேர்த்து அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆக்கினார்கள். ஆகவே வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் இதெல்லாம் கடலோரக் காவல் படையின் தொகுதியில், அதாவது 26-ஆம் எண் தொகுதியில், இருக்கிறது. அலாஸ்கா சம்பந்தமான கடிதங்களைத் தனியாகப் பிரித்து 1867 முதல் 1914 வரைக்கும் 20 சுருள் மைக்ரோஃபிலிமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். எம் 641 என்பது அதன் எண். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இணையத்தில் தேட, நூலகரிடம் கேட்க, எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

கப்பல் பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பல கட்டர்களுக்கு நிதியமைச்சர்களின் பெயரை வைத்தார்கள். கார்வின் கப்பலின் முழுப் பெயர் தாமஸ் கார்வின். சில இடத்தில் முழுப் பெயரில் பதிவாகியிருக்கும், சில இடத்தில் பாதிப் பெயரில். இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

அடுத்தது அச்சான அறிக்கைகள்

இந்தச் சேவையின் ஆர்க்டிக் பயணங்கள் பலவற்றை அமெரிக்க அரசே புத்தகமாக அச்சடித்தது. 1880, 1881-ல் கேப்டன் ஹூப்பர் தலைமையில் கார்வின் போன பயணங்கள், 1884, 1885-ல் கேப்டன் மைக்கேல் ஹீலி தலைமையில் போனவை, பனியில் மாட்டிய திமிங்கில வேட்டைக்காரர்களுக்காக 1897-98-ல் போன மீட்புப் பயணம், லெப்டினன்ட் கான்ட்வெல் 1899-லிருந்து 1901 வரை யூகான் ஆற்றில் நூனிவாக் என்ற நீராவிப் படகில் இருந்த கதை எல்லாம் அச்சில் கிடைக்கும். பழைய அரசு வெளியீடுகள் என்பதால் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திட்ரஸ்ட் இரண்டிலும் இலவசமாகவே பார்க்கலாம். படங்கள் உண்டு, வரைபடங்கள் உண்டு, சில அறிக்கைகளில் பறவைப் பட்டியல்கூட உண்டு.

இவற்றை ஆர அமரப் படியுங்கள். மேலதிகாரிக்கு எழுதியது என்பதால் சண்டை சச்சரவை அமுக்கி, சாகசத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் எழுதியிருப்பார்கள். பரவாயில்லை. உங்களுக்கு இப்போது வேண்டியது யார் யார் கப்பலில் இருந்தார்கள், எந்த நாளில் எங்கே நங்கூரம் போட்டார்கள் என்ற எலும்புக்கூடு மட்டும்தான்.

கப்பலின் ஆண்டைக் காலண்டராகப் போடுங்கள்

ஒரு எக்செல் தாள் போதும். தேதி, இடம், நடந்தது, எந்த ஆவணம் என்று நான்கு கட்டம். வருடத்துக்கு வருடம் தேதி மாறினாலும் சுற்று ஏறக்குறைய ஒன்றுதான்: வசந்தத்தில் சான் பிரான்சிஸ்கோ அல்லது பியூஜெட் சவுண்ட் பக்கத்திலிருந்து புறப்பாடு, உனலாஸ்காவில் நிலக்கரி, பிரிபிலோஃப் தீவுகளில் கடல்நாய் வேட்டைக் காவல், பெரிங் நீரிணையைத் தாண்டி போர்ட் கிளாரன்ஸ், அங்கே திமிங்கில வேட்டைக் கப்பல்களைச் சந்தித்துத் தபால் பட்டுவாடா, பனி விலகினால் ஜூலை ஆகஸ்டில் பாரோ முனை, இலையுதிர் காலத்தில் திரும்புதல்.

இதைப் போட்டு வைத்தால் ஒரு நல்லது நடக்கும். கடிதக் கட்டில் ஜூன் மாதத்துக்கு அப்புறம் இரண்டு மாதம் எதுவுமே இல்லையென்றால் தொலைந்துவிட்டது என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டீர்கள். தபால் கொண்டுபோக எதிரே ஒரு கப்பல் வந்தால்தானே கடிதம் போகும். அதே காரணத்தால் ஒரே கடிதம் மூன்று வாரம் விட்டு விட்டு எழுதப்பட்டு, கடைசிப் பத்தி மட்டும் அவசர அவசரமாக, "கப்பல் ஒன்று தெரிகிறது, முடிக்கிறேன்" என்ற தோரணையில் இருக்கும். மேலே போட்டிருக்கும் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைக் காலண்டரில் ஏற்றிவிடாதீர்கள்.

லாக்புக் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கப்பலின் தினசரிப் பதிவேடுதான் லாக்புக். 'பேர்' (ஆங்கிலத்தில் கரடி), கார்வின் போன்ற கப்பல்களின் லாக்புக்குகளை ஸ்கேன் செய்து தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. இதில் பெரும்பங்கு ஓல்ட் வெதர் என்ற திட்டத்துக்கு. பழைய வானிலை அளவுகளை மீட்பதற்காகத் தன்னார்வலர்கள் உலகம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்தார்கள்.

பக்கம் திறந்ததும் மிரள வேண்டாம். ஒரு பக்கம் முழுக்க மணிக்கணக்குப்படி வரிசைகள்: காற்றின் திசை, வேகம், காற்றழுத்தம், வெப்பம், வானத்தின் நிலை. வானத்தின் நிலையை ஓரெழுத்தில் எழுதுவார்கள். 'பி' என்றால் நீல வானம், 'சி' என்றால் திட்டுத் திட்டாக மேகம், 'ஓ' மூடிய வானம், 'எஃப்' மூடுபனி, 'எஸ்' பனிப்பொழிவு. வெப்பம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், அதனால் ஜூலையில் 34 என்று பார்த்துவிட்டு சென்னை வெயிலை நினைக்காதீர்கள், அது உறைநிலைக்கு இரண்டு டிகிரி மேலே. எதிர்ப் பக்கத்தில் காவல் நேரத்துக்கு ஒன்றாகக் குறிப்புகள், ஒவ்வொன்றின் கீழும் அந்த நேரத்துக் காவல் அதிகாரியின் கையெழுத்து.

இந்தக் கையெழுத்துதான் தங்கம். எந்த அதிகாரியின் டைரியைப் படிக்கப் போகிறீர்களோ அவருடைய எழுத்து எப்படியிருக்கும் என்று இங்கேயே பழகிக்கொள்ளலாம். வாக்கியங்கள் சடங்குபோல ஒரே மாதிரி வருவதால் ஊகிப்பது எளிது. நாலு நாள் பக்கங்களைப் பெயர்த்து எழுதினால் அவருடைய 'ஆர்' எது, 'என்' எது என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். கப்பலில் யார் ஏறினார்கள், யாருக்குத் தண்டனை, எவ்வளவு நிலக்கரி எரிந்தது என்பதும் அதில் உண்டு. நிலக்கரியா, அதில் என்ன இருக்கிறது என்று தாண்டிப் போகாதீர்கள். இந்த அதிகாரிகளின் பாதிக் கவலை அதுதான். லிஸ்பர்ன் முனைக்குக் கிழக்கே கரையோரப் பாறையில் நிலக்கரி தெரிவதைப் பார்த்துவிட்டு, கார்வின் மாலுமிகள் தாங்களே வெட்டிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். கேப்டன் ஒரு நாள் ஏன் எரிந்து விழுந்தார் என்பதற்கு விடை சில சமயம் நிலக்கரிக் கட்டத்தில் கிடைக்கும்.

சொந்தக் காகிதங்கள் எங்கே

இப்போது டைரிகளுக்கு வரலாம். ஒரு பொது விதி சொல்கிறேன்: அரசுக் காகிதம் அரசிடம் போகும், சொந்தக் காகிதம் குடும்பத்தோடு போகும். அதனால் அதிகாரி ஓய்வுபெற்ற ஊர், மகள் கட்டிக்கொடுத்த ஊர், இப்படிக் குடும்பத்தின் தடத்தைப் பிடித்துத் தேட வேண்டும். மைக்கேல் ஹீலியின் டைரிகளும் அவருடன் கப்பலில் பயணம் செய்த மனைவி மேரி ஜேனின் டைரிகளும் அலாஸ்காவில் இல்லை, கலிஃபோர்னியாவின் சான் மரினோவில் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1897-98 மீட்புப் பயணத்தில் போன டாக்டர் சாமுவேல் கால் எடுத்த படங்கள் ஃபேர்பேங்க்ஸில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தில்.

தொகுப்பைக் கண்டுபிடித்ததும் அதன் விவரப் பட்டியலை முதலில் தரவிறக்குங்கள். எந்தப் பெட்டியில் எந்த உறையில் என்ன இருக்கிறது என்று அதில் இருக்கும். பட்டியலின் தொடக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று போட்டிருப்பார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம், பெரும்பாலும் காகிதங்களைக் கொடுத்த குடும்பம் சொன்ன கதைதான் அதில் இருக்கும். அப்புறம் காப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "உங்களிடம் அலாஸ்கா பற்றி என்ன இருக்கிறது" என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். "இந்தத் தொகுப்பில், இந்தப் பெட்டியில், இந்த உறையில், இந்த வருட ஜூலை மாதப் பக்கங்கள்" என்று கேட்டால் பல இடங்களில் ஸ்கேன் செய்து தருவார்கள், சில இடத்தில் கட்டணம் உண்டு.

எழுத்து, தேதி, ஊர்ப்பெயர்

அதிகாரிகளின் பெட்டியில் தவறாமல் வருவது நகல் கடிதப் புத்தகம். அந்தக் காலத்துக் கார்பன் காப்பி. டிஷ்யூ போன்ற மெல்லிய தாளை ஈரமாக்கி, எழுதிய கடிதத்தின் மேல் வைத்து, இரும்பு அழுத்தியில் இறுக்கி எடுப்பார்கள். மை கசிந்து ஒட்டிக்கொள்ளும். அது திருப்பிப் போட்ட எழுத்தாகத்தான் ஒட்டும், தாள் மெல்லியது என்பதால் பின்பக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். ஈரம் கூடினால் எழுத்து பூத்துப் பரவியிருக்கும், குறைந்தால் பாதி வார்த்தை இருக்காது. ஸ்கேனில் இது படுமோசமாகத் தெரியும். கணினியில் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி அடர்த்தியைக் கூட்டிப் பாருங்கள், கணிசமான வரிகள் எழுந்து வரும்.

கடிதங்களில் 'இன்ஸ்ட்' என்று சுருக்கியிருந்தால் இந்த மாதம், 'அல்ட்' என்றால் போன மாதம். "14 அல்ட் தேதியிட்ட உங்கள் கடிதம்" என்று ஆகஸ்டில் எழுதினால் அது ஜூலை 14.

தேதியில் இன்னொரு பொறி இருக்கிறது. அலாஸ்கா கைமாறியபோது ரஷ்யரின் ஜூலியன் காலண்டரை விட்டதோடு, சர்வதேசத் தேதிக்கோட்டின் அமெரிக்கப் பக்கத்துக்கும் மாறினார்கள். ரஷ்யர்களுக்கு அக்டோபர் 7 ஆக இருந்திருக்க வேண்டிய நாள்தான் சிட்காவில் கொடி மாறிய அக்டோபர் 18. நீரிணைக்கு அக்கரையில் சைபீரியாவில் ரஷ்யர்கள் 1918 வரை பழைய காலண்டரையே வைத்திருந்தார்கள், கிழமையும் ஒரு நாள் முன்னால். கட்டர்கள் ரெயின்டீர் (பனிப்பிரதேச வளர்ப்பு மான்) வாங்க அக்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்ததால் ரஷ்ய அதிகாரி கொடுத்த காகிதம் எதையாவது உங்கள் காலண்டரில் ஏற்றும்போது 1900-க்கு முன்னால் என்றால், தேதிக்கோட்டையும் கணக்கில் சேர்த்து, 11 நாள் கூட்டுங்கள்.

ஊர்ப்பெயர்களைக் காதில் கேட்டபடி எழுதினார்கள். கோபுக் ஆறு கோவாக் என்று இருக்கும், உனலாஸ்காவுக்கு முன்னால் ஒரு 'ஓ' சேர்ந்திருக்கும். பாரோ நகரம் 2016-ல் உட்கியாக்விக் ஆனது. உங்கள் தாளில் பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டுக்கும் கட்டம் வையுங்கள்.

ஒரு நிகழ்ச்சியை முழுதாகச் செய்து பாருங்கள்

பயிற்சிக்கு 1897-98 மீட்புப் பயணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரே நிகழ்ச்சிக்கு இத்தனை பேர் எழுதி வைத்தது வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது.

எல்லாரும் சொல்லும் கதை இது. 1897 இலையுதிர் காலத்தில் பாரோ முனை பக்கம் எட்டு திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பனியில் மாட்டிக்கொண்டன. ஆட்கள் பட்டினி கிடப்பார்கள் என்று பயந்து, குளிர்காலத்திலேயே பேர் கப்பலை நவம்பர் இறுதியில் கேப்டன் டட்டில் தலைமையில் அனுப்பினார்கள். பனி மறித்ததால் வடக்கே போக முடியவில்லை. டிசம்பர் 16-ல் வான்கூவர் முனைக்கு அருகே லெப்டினன்ட் டேவிட் ஜார்விஸ், லெப்டினன்ட் எல்ஸ்வொர்த் பெர்தாஃப், டாக்டர் கால் மூவரையும் கரையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து நாய் வண்டியிலும் ரெயின்டீர் வண்டியிலும் சுமார் 1,500 மைல். வழியில் சார்லி ஆர்ட்டிசர்லுக் என்ற இனுப்பியாக் (வடக்கு அலாஸ்காவின் பழங்குடி) மேய்ப்பரிடமும், வேல்ஸ் முனையில் மிஷன் நடத்திய டாம் லாப்பிடமும் மந்தைகளைக் கடனாகக் கேட்டு வாங்கி, 1898 மார்ச் 29-ல் பாரோ சேர்ந்தார்கள். ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்த ரெயின்டீர்கள் 382. ஜூலை இறுதியில்தான் பேர் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டது. 1902-ல் அமெரிக்கக் காங்கிரஸ் மூவருக்கும் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இப்போது 1899-ல் அச்சான அறிக்கையைத் திறங்கள். அதில் டட்டில், ஜார்விஸ், பெர்தாஃப், கால் ஆகியோர் எழுதியவை உண்டு. மூவரும் எல்லா நாளும் ஒன்றாகப் போகவில்லை, பெர்தாஃப் பொருள்களைச் சேர்க்கத் தனி வழியில் போனார். ஆகவே காலண்டரில் ஆளுக்கொரு நிறம் போடுங்கள். ஒருவர் "வந்து சேர்ந்தார்கள்" என்று எழுதும் நாளில் மற்றவர் எங்கே இருப்பதாகச் சொல்கிறார் என்று பாருங்கள்.

அடுத்து, எதிர்ப் பக்கம் நின்று பாருங்கள். மந்தையைக் கொடுத்த ஆர்ட்டிசர்லுக்குக்கு அதுதான் குடும்பத்தின் சொத்து முழுவதும். அறிக்கையில் ஜார்விஸே, அதைக் கேட்க எவ்வளவு சங்கடமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆர்ட்டிசர்லுக் கொடுத்தார், தானும் கூடவே வந்தார். லாப்பும் மந்தையோடு கிளம்பிவிட, அவர் மனைவி எலன் சின்னக் குழந்தைகளோடு நடுக்குளிரில் அந்தக் கிராமத்தில் தங்கினார். எலன் எழுதிய கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. ஒரு பக்கம் அரசு அறிக்கை, இன்னொரு பக்கம் அந்த வீட்டிலிருந்து போன கடிதம் என்று வைத்துப் படித்தால், "லாப் ஒத்துக்கொண்டார்" என்ற ஒரு வரிக்குள் எவ்வளவு இருந்தது என்று புரியும்.

பாரோவில் இன்னும் சுவாரசியம். அங்கே சார்லஸ் பிரவர் என்ற வியாபாரி பல வருடமாகக் குடியிருந்தார். உயிரின மாதிரிகள் சேகரிக்க வந்த எட்வர்ட் மெக்கில்ஹெனியும் அந்தக் குளிர்காலம் அங்கேதான் இருந்தார், டபாஸ்கோ சாஸ் குடும்பத்துப் பிள்ளை. இனுப்பியாக் வேட்டைக்காரர்களை அனுப்பிக் காட்டுக் கரிபூ மான் அடித்துக் கொண்டுவரச் செய்து, மாட்டிக்கொண்டவர்களுக்கு உணவு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் ரெயின்டீர் உண்மையிலேயே உயிர் காத்ததா? பிரவர் பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதியதில் ஒரு விடை இருக்கிறது, ஜார்விஸ் உடனடியாக எழுதிய அறிக்கையில் வேறு தொனி இருக்கிறது. என் கணிப்பு: ஜார்விஸ் கொண்டுவந்த இறைச்சியைவிட அவர் கொண்டுவந்த ஒழுங்கு பெரிது. கப்பல் இழந்த மாலுமிகள் பழைய கட்டடம் ஒன்றில் அழுக்கிலும் நெரிசலிலும் கிடந்தார்கள், ஸ்கர்வி என்ற சத்துக்குறை நோய் எட்டிப் பார்த்திருந்தது, அதிகாரம் செலுத்த ஆள் இல்லை. ஜார்விஸ் வந்து ஆட்களைப் பிரித்துத் தங்கவைத்து, குளிக்கவைத்து, உடற்பயிற்சி செய்யவைத்தார். நீங்கள் படித்துவிட்டு வேறு முடிவுக்கு வரலாம்.

எழுதாமல் விட்டதையும் பாருங்கள்

ஹீலி 1886 முதல் 1895 வரை பேர் கப்பலின் கேப்டன். அலாஸ்கா கரையில் அந்தப் பெயர் தெரியாதவர் கிடையாது. 1839-ல் ஜார்ஜியாவில் பிறந்தவர், தந்தை அயர்லாந்திலிருந்து வந்த தோட்ட முதலாளி, தாய் அவரிடம் அடிமையாக இருந்தவர். அந்த ஊர்ச் சட்டப்படி பிள்ளைகளும் அடிமைகளே. அண்ணன் ஒருவர் கத்தோலிக்க ஆயர், இன்னொருவர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத் தலைவர். ஹீலி தன் பிறப்பை வெளியே சொல்லாமல், வெள்ளையராகவே வாழ்ந்தார். டைரியில் அதைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். எதைச் சொன்னால் வேலையும் மரியாதையும் போகுமோ அதை ஒரு மனிதர் தாளில் வைக்க மாட்டார். "டைரியில் இல்லை, ஆகவே அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

குடிப்பழக்கமும் அப்படித்தான். 1896-ல் குடிபோதைக் குற்றச்சாட்டில் விசாரணை நடந்து, பதவியிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். விசாரணைச் சாட்சியங்கள் 26-ஆம் தொகுதியில், டைரி ஹன்டிங்டனில். சாட்சி சொன்ன இளம் அதிகாரிகளுக்கு அவர்மேல் தனிப்பட்ட கோபம் இருந்தது, டைரி எழுதியவருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் தேவை இருந்தது. இந்த இரண்டும் இல்லாத லாக்புக்கில் அதே நாள் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, ஊர்க்காரர்கள். இந்தக் காகிதங்களில் இனுப்பியாக், யூப்பிக், ட்லிங்கிட், சுக்சி மக்கள் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் வருவார்கள். பெயர் வந்தாலும் மாலுமிகள் வைத்த பட்டப்பெயராக இருக்கும். 1882 அக்டோபர் 26-ல் ஆங்கூன் என்ற ட்லிங்கிட் கிராமத்தைக் கடற்படை குண்டு வீசி எரித்தது, அதில் கார்வினும் ஹீலியும் பங்கு. அரசுக் காகிதத்தில் அது ஒழுங்கு நடவடிக்கை. ஆங்கூன் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது, படகுகளும் குளிர்கால உணவும் போய்க் குழந்தைகள் செத்த கதை. கடற்படை மன்னிப்புக் கேட்டது 2024-ல், அதே அக்டோபர் 26 அன்று. அதனால் ஒரு கிராமத்தின் பெயர் டைரியில் வந்ததும் அந்தச் சமூகமே வெளியிட்டிருக்கும் வாய்மொழி வரலாறு இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதி வெளியிடும்போது தொகுப்பின் பெயர், பெட்டி எண், உறை எண், தேதி நான்கையும் போடுங்கள். அரசு ஊழியராக எழுதிய அறிக்கைக்குக் காப்புரிமை கிடையாது, ஆனால் சொந்தக் கடிதத்தையும் படத்தையும் வெளியிடுவதற்கு நூலகத்தின் நிபந்தனை இருக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால் பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பென்சில் எடுத்துப் போங்கள், உள்ளே பேனாவை விட மாட்டார்கள். படத்தில் இருக்கும் ஊரையோ ஆளையோ நீங்கள் அடையாளம் கண்டுபிடித்தால் ஆதாரத்தோடு காப்பாளருக்கு எழுதுங்கள், பட்டியலில் திருத்திவிடுவார்கள்.